கொம்பன்விளை வளைவில் ஒருவர் குறைவு

ஆகஸ்ட் 25, திங்கள்
வானிலை: வெயில்.

இருபத்தொன்பது வருடமாகச் சாலை வேலையின் தளக்குறிப்பு எழுதிய கை இது. வானிலையைப் போடாமல் ஒரு தேதியைத் தொடங்க அதற்குத் தெரியாது. தார் போட்ட நாளில் மழை பெய்ததா என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். இது வீட்டு நாட்குறிப்பு, இதற்குத் தணிக்கை இல்லை. இருந்தாலும் வெயில்.

நல்லூரணியிலிருந்து தாழையூர் வரை பதினான்கு கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தப் போகிறோம். கூடவே பாதுகாப்பானதாகவும் ஆக்கப் போகிறோம். இம்முறை புதிதாக ஒரு நிபந்தனை: மக்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கோட்டப் பொறியாளர் பிரபாவதி மேடம் என்னை அழைத்தார்.

"ஞானசிகாமணி சார், கருத்துக்கேட்பு அலுவலர் நீங்கதான். ரிட்டயர்மென்ட்டுக்கு எவ்வளவு இருக்கு?"

"பதினாலு மாசம் மேடம்."

"நல்லது. பொறுமையா கேப்பீங்க."

கோப்போடு கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் தந்தார். கூட்டம் அடுத்த வாரம்தான். குறிப்பு இன்றே தட்டச்சாகியிருந்தது. "பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு, திட்டத்தை மகிழ்ச்சியுடன் வரவேற்றுக் கரவொலி எழுப்பினர்." தேதிக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. அதிர்ந்துபோனேன். எங்கள் காலத்தில் கூட்டம் முடிந்த மறுநாள்தான் பொய் எழுதுவோம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
வானிலை: வெயில். மாலையில் காற்று.

நான்கு பேருந்து நிறுத்தங்களில் கருத்துப் பெட்டி வைத்தோம். படிவத்தில் மூன்று கேள்விகள். ஒன்று, சாலையை எந்தப் பக்கம் அகலப்படுத்தலாம்? இரண்டு, ஆபத்து அதிகமான இடம் எது? மூன்று, பாதுகாப்புக்கு என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்வியை நானே எழுதினேன்.

முதல் பெட்டியை இன்று திறந்தோம். முதியோர் உதவித்தொகை மனு மூன்று, பேருந்து டிக்கெட் ஐந்து, பாதி பீடிக்கட்டு ஒன்று, காதல் கடிதம் ஒன்று. சாலை ஆய்வாளர் மாசாணமுத்து பதினோரு வருடமாக என்னோடு ஒரே ஜீப்பில் சுற்றுகிறவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"சார், இதையும் கருத்துன்னு எண்ணிக்கிடலாமா? எண்ணிக்கை வேணும்லா."

எண்ணிக்கொண்டோம்.

செப்டம்பர் 4, வியாழன்
வானிலை: வெயில்.

முதல் கூட்டம். ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தோம். முந்தைய கல்யாணத்தின் மாப்பிள்ளை பெண் பெயர்ப்பலகையை எடுக்க நேரமில்லாததால் அதன் கீழேயே பிரபாவதி மேடம் அமர்ந்தார்.

சாலையை அகலப்படுத்துவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இடதுபக்கக் கடைக்காரர்கள் நாற்பத்தாறு பேர் வலதுபக்கம் அகலப்படுத்தச் சொன்னார்கள். வலதுபக்கக்காரர்கள் ஐம்பத்தொரு பேர் இடதுபக்கம் அகலப்படுத்தச் சொன்னார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "நான் கேக்கேன், நடுவுல யாரு வீடும் இல்லல்லா? நடுவுலயே அகலப்படுத்திட வேண்டியதுதான?" மண்டபம் முழுக்கக் கைதட்டியது. ஆக, கரவொலி என்று எழுதிய குறிப்பு பொய்யில்லை என்றானது.

டீக்கடைக்காரர் ஒருவர் வேகத்தடையைத் தன் கடை வாசலில் போடச் சொன்னார். "மெதுவா வந்தாத்தான் சார் நம்ம வடை கண்ணுல படும்."

பிறகு கொம்பன்விளைக்காரர்கள் எழுந்தார்கள். அவர்கள் ஊர் நுழைவில் சாலை கொக்கி மாதிரி வளைகிறது. அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மேடம் விதியைப் படித்தார். மூன்று வருடத்தில் ஒரே இடத்தில் பத்துப் பேர் விபத்தில் இறந்திருந்தால் அது அபாய வளைவு. வளைவை நேராக்கி, நடைபாதையும் விளக்கும் போடலாம். பத்துக்குக் குறைந்தால் எச்சரிக்கைப் பலகை ஒன்று.

மண்டபத்தில் விரல் விட்டு எண்ணும் சத்தம். செத்தவர்களை எண்ணுகிறார்கள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

"எங்க தாழையூர் முக்குல பன்னெண்டு மேடம்!"

"அதுல ரெண்டு எருமை வே."

"எருமைக்கு உசுரு இல்லையா?"

"எருமைக்கு ஆதார் இருக்கா? உக்காரும்."

வீட்டுக்கு வந்து வெகுநேரம் முகம் கழுவினேன்.

செப்டம்பர் 8, திங்கள்
வானிலை: வெயில்.

காவல் நிலையப் பட்டியல் வந்தது. கொம்பன்விளை வளைவு: ஒன்பது.

அலுவலகமே துக்கத்தில் ஆழ்ந்தது. ஒன்பது பேர் இறந்ததற்கு இல்லை. மாசாணமுத்து என் மேசைப் பக்கம் வந்து, தேர்வில் தோற்றவனைத் தேற்றுவது போல மெதுவாகச் சொன்னார்: "டிசம்பர் வரைக்கும் டைம் இருக்குல்லா சார். மனசு விட்டுராதீய."

நல்ல மனிதர். என்ன சொன்னார் என்று அவருக்கே ஐந்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அப்புறம் மாலை வரை என் பக்கம் வரவில்லை.

ஒன்பது பெயர்களையும் நானே தட்டச்சு செய்தேன். இரண்டு வருடம் முன்பு அதே வளைவில் விழுந்து இறந்த பொரிக்காரர் அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அது விபத்து அல்ல, மயக்கம்.

செப்டம்பர் 9, செவ்வாய்
வானிலை: வெயில்.

தடியங்காய்ச் சாம்பார். பசியில்லை என்றேன். "ரெண்டு வருஷமா தடியங்காயைக் கண்டா மட்டும் உங்களுக்குப் பசிக்காது" என்றாள் வள்ளிமயில். வெள்ளைப் பூசணி வாயு என்று எங்கோ படித்திருக்கிறேன். மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்
வானிலை: வெயில்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். "கருத்து எழுதுத எடம் இதுதானா சார்?"

பெயர் பேச்சிக்கனி. கொம்பன்விளை நிறுத்தத்தில் பொரியும் கடலையும் விற்கிறார். படிவத்தை நின்றபடியே நிரப்பினார். முதல் கேள்விக்குக் கோடு. "எந்தப் பக்கம் அகலமாக்கினாலும் எனக்கு ஒண்ணுமில்ல சார். ரெண்டு பக்கமும் எனக்கு எடம் கெடையாது." இரண்டாவதற்குக் கொம்பன்விளை வளைவு. மூன்றாவதற்கு ஒரே ஒரு வரி. படித்தேன். கோப்பில் வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு பேரு பட்டியல்ல இல்லியாம்ல. தங்கமாரி. பொரிக்காரத் தங்கமாரி."

"அவர் மயங்கி விழுந்ததாப் பதிவாகியிருக்கும்மா."

"மயங்கியா? சார், அவரு ஆயுசுலயே ஒரு தடவதான் மயங்கினாரு. எங்கப்பா சீர் ஒண்ணும் கெடையாதுன்னு சொன்ன அன்னைக்கு."

மாசாணமுத்து சிரித்துவிட்டு, உடனே சிரிக்காதவர் போல் ஆனார்.

"நீங்க மயக்கம்னு எழுதிட்டிய. ஊர்ல குடிச்சிட்டு விழுந்தான்னு சொல்லுதாங்க. என் மவ இப்போ பள்ளிக்கூடத்துல குடிகாரன் மவ. அவரு டீயே கருப்பட்டி போட்டாத்தான் குடிப்பாரு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எண்ணிக்கையில சேத்துக்கிடுங்க. பத்தாவது ஆளா அவரு நின்னா வளைவு நேராவும்லா? மவ தெனமும் அதுலதான சைக்கிள்ல போறா."

நீங்க எழுதிட்டிய என்றார். அரசாங்கத்தைப் பொதுவாகச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

பரிசீலிக்கிறோம் என்றேன். இந்தச் சொல்லைக் கேட்டதும் பொதுமக்கள் எழுந்து போய்விடுவார்கள். இவர் சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பரிசீலிங்க சார். இருக்கேன்."

ஐந்தே முக்காலுக்கு அலுவலகம் பூட்டும்வரை இருந்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி
வானிலை: வெயில்.

பேச்சிக்கனி வந்தார். பரிசீலித்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்
வானிலை: மேகமூட்டம். மழை இல்லை.

வந்தார். எல்லோருக்கும் பொரி கொண்டுவந்தார். அலுவலகமே தின்றது. எனக்குப் பல்வலி.

செப்டம்பர் 16, செவ்வாய்
வானிலை: வெயில்.

காவல் நிலையம் போனேன். தங்கமாரி வழக்கை மறுபடி பார்க்க முடியுமா என்று ஏட்டு ஆவுடையப்பனிடம் கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன்.

"நீங்க கேக்கியளா?" என்று என்னையே பார்த்தார். "அன்னைக்கு நீங்கதான சார் சொன்னிய, வெயில்ல அலைஞ்ச ஆளு, மயங்கி விழுந்திருப்பாருன்னு? இன்ஜினியரே சொல்லுதாரேன்னு நான் எழுதினேன். பாத்த சாட்சி வேற யாரும் இல்ல."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆவுடையப்பனுக்கு நினைவாற்றல் அதிகம். அன்று நான் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் சொன்னார்.

செப்டம்பர் 17, புதன்
வானிலை: வெயில்.

வளைவை அளக்கப் போனோம். ஆரம் முப்பத்தெட்டு மீட்டர். இந்தச் சாலையில் ஓடும் வேகத்துக்கு அதைப்போல் மூன்று மடங்கு வேண்டும். எதிரில் வருவது தெரியாமல் மறைக்கும் மண்மேடு ஒன்று. ஒன்பது பேர் என்பதே குறைவுதான்.

வளைவின் மேற்கே சூசைமரியான் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஜீப்பின் முன்டயரில் காற்று குறைவாக இருந்ததால் நிறுத்தினோம். காற்று பிடித்துக்கொண்டே தானாகப் பேசினார்.

"தங்கமாரி விழுந்த எடத்தக் கூட்டினது நான்தான். ஆம்புலன்ஸ் போன பொறவு ஏழு மணி இருக்கும். அள்ளி வாளியில போட்டேன். பூசணிக்காத் துண்டும் பொரியும். ரெண்டும் செவப்பாக் கெடந்துச்சு. எதுல குங்குமம் எதுல ரத்தம்னு பிரிக்க முடியல. யாரோ ஜீப்புல வந்து திருஷ்டி சுத்தி உடைச்சிட்டுப் போயிட்டாங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

"எந்த ஜீப்பு?" என்று கேட்டேன். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"நான் கவனிக்கல சார்" என்றார், எங்கள் ஜீப்பின் டயரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வரும் வழியில் மாசாணமுத்து இரண்டு கிலோமீட்டர் தாண்டி வாய் திறந்தார். "அன்னைக்கு மழை பெஞ்சுது சார். நாம போன பொறவு நல்ல மழை. எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிருக்கும்."

"அப்படியா?"

"பெஞ்சிருக்கும் சார்."

செப்டம்பர் 18, வியாழன்
வானிலை: வெயில்.

பரணிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பை எடுத்தேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய வேலைநாள். என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "வானிலை: தெளிவு. அலுவலகப் பூஜை இனிதே நடந்தது. இம்முறை பூசணிக்காய் வாசலில் உடைக்கப்படவில்லை."

எங்கே உடைத்தோம் என்று எழுதவில்லை. அன்று மாலை வேறு எதுவும் நடந்ததாகவும் எழுதவில்லை. வானிலையை மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். மழை இல்லை.

யோசனை அப்போதிருந்த கோட்டப் பொறியாளருடையது. இப்போது பதவி உயர்வில் சென்னையில் இருக்கிறார். "வாசல்ல உடைச்சு என்னய்யா பிரயோஜனம்? வாசல்ல யாரு சாகுறா? கொம்பன்விளை வளைவுல உடைங்க. அங்கதான் திருஷ்டி." அவரும் பொறியியல் படித்தவர்தான். நானும் படித்தவன்தான். படித்தவர்கள் நான்கு பேர் ஜீப்பில் ஏறி, வளைவின் ஆரத்தைக் குறைசொல்லிக்கொண்டே போய், காயைக் குடைந்து குங்குமம் கலந்து, சூடம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, நடுச்சாலையில் போட்டு உடைத்தோம். உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சம்பிரதாயம். விதிமுறைகளைக் கடைப்பிடிப்பதில் நான் எப்போதும் கவனமாக இருப்பவன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறரைக்குத் தகவல் வந்தபோதுதான் திரும்பிப் போனேன். ஆவுடையப்பன் அங்கே நோட்டை விரித்து நின்றுகொண்டிருந்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி
வானிலை: வெயில்.

இரண்டாவது கூட்டத்தில் திரையில் காட்டப் படங்கள் வேண்டுமாம். "இதுவரை எடுக்கப்பட்ட பாதுகாப்பு நடவடிக்கைகள்." பழைய கோப்புகளைப் புரட்டினேன். வெள்ளைக்கோடு, பிரதிபலிப்பான், பலகை. பிறகு ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்.

"கொம்பன்விளை வளைவில் விபத்துகளைத் தவிர்க்கும் பொருட்டுப் பூசணிக்காய் உடைக்கப்பட்டது. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது." கீழே என் கையொப்பம்.

அந்த ஆண்டுதான் எல்லா வேலைக்கும் இடமும் நேரமும் பதிவாகும் செயலியில் படம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மாசாணமுத்து உத்தரவை மீறாதவர். படத்தில் நான் இரண்டு கையாலும் காயைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். உச்சியில் சூடம் எரிகிறது. கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறேன். கீழே அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, மாலை 5.42.

மேடத்திடம் போனேன்.

"மேடம், கொம்பன்விளையில பத்தாவதா ஒருத்தர் இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"மயக்கம்னு பதிவாகியிருக்கு. காரணம் வேறயா இருக்கலாம்."

பேனாவை மூடினார். கெட்டிக்காரர். வெளியே ஸ்டூலில் ஒரு பெண் ஏழு வேலைநாளாக உட்கார்ந்திருப்பதை அவரும் பார்க்கிறார்.

"காரணம் கேட்டா அடுத்த கேள்வி யாருன்னு வரும். ஒன்பதுன்னே அனுப்புங்க சார். நல்ல பெரிய பலகையா வச்சிடலாம். பதினாலு மாசத்துல வீட்டுக்குப் போறவர் நீங்க. உங்க பென்ஷன் பேப்பர்ல நான்தான் கையெழுத்துப் போடணும். சங்கடமில்லாம போடணும்னு ஆசைப்படறேன்."

மிரட்டல் இல்லை. உண்மையிலேயே ஆசைப்பட்டார். அதுதான் எனக்கு அதிர்ச்சி.

வெளியே வந்தபோது பேச்சிக்கனி கேட்டார். "பல்வலி எப்படி இருக்கு சார்?"

செப்டம்பர் 23, செவ்வாய்
வானிலை: வெயில்.

நாளை கூட்டம். பதினோரு படங்களை மேடம் பார்த்து ஒப்புதல் தந்தார். பென் டிரைவை என் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு வந்தேன். ரிமோட்டையும் சரிபார்க்க எடுத்து வந்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்.

செப்டம்பர் 24, புதன்
வானிலை: வெயில்.

பென் டிரைவ் நேற்று மாலையிலிருந்து என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் பதினோரு படங்கள் பன்னிரண்டாகியிருந்தன. இயந்திரங்களை நம்பவே கூடாது.

ஏழாவதாக அது வந்தது. கல்யாண மண்டபத்தின் திரையில் பூசணிக்காய் ஓர் ஆள் உயரம் இருந்தது. முதலில் கைதட்டினார்கள். "நம்ம இன்ஜினியர் சார்லா!" என்று ஒருவர் சத்தம் போட்டார். சூடம் எரிவதைப் பார்த்து முன்வரிசைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நெக்ஸ்ட்" என்றார் மேடம். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்."

ரிமோட் வேலை செய்யவில்லை. அதில் பேட்டரி இல்லை. பேட்டரி இரண்டும் என் பையில் இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

பெண்கள் பக்கமிருந்து பேச்சிக்கனி எழுந்து திரை அருகே வந்தார். படத்தில் இருந்த என் கை அவர் புடவை மேல் விழுந்தது, சூடம் விழுந்தது. படத்தின் அடியில் இருந்ததைப் பள்ளிப் பிள்ளை போல் விரல் வைத்து உரக்கப் படித்தார். தேதி. கொம்பன்விளை. மாலை ஐந்து நாற்பத்திரண்டு. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரரு ஆறு மணிக்குப் பொரி மூட்டைய வண்டியில கட்டிட்டுக் கெளம்பினாரு. அன்னைக்குத்தான்."

கத்தவில்லை. பின்வரிசையில் சூசைமரியான் எழுந்தார். "நான் கூட்டினது ஏழு மணி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் சொன்னார். மண்டபம் கணக்கைத் தானே போட்டுக்கொண்டது.

மேடம் மைக்கை எடுத்து, "காவல்துறைப் பதிவின்படி அது மயக்கம்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மைக் என் கைக்கு வந்திருந்தது. எப்படி என்று தெரியவில்லை. மேடத்தின் வளையல் ஒன்று உடைந்ததாகச் சொன்னார்கள்.

"மயக்கம்னு ஏட்டுகிட்ட சொன்னது நான்தான். தங்கமாரி மயங்கல. குடிக்கல. நாங்க உடைச்சதுல வண்டி வழுக்கிருச்சு. உடைச்சது நான்."

இப்படி நான் பேசியதாக எல்லோரும் சொல்கிறார்கள். ஒலிபெருக்கி மட்டமானது. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

யாரும் கைதட்டவில்லை. அடிக்கவும் வரவில்லை. அதற்கு நான் தயாராக இருந்தேன். பேச்சிக்கனி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாரேன் சார்" என்றார். போனார்.

செப்டம்பர் 25, வியாழன்
வானிலை: வெயில்.

கொம்பன்விளைக்காரர்கள் வளைவில் மறியல். காலை எட்டு முதல் ஒன்று வரை. அந்த ஐந்து மணி நேரம் அந்த வளைவில் ஒரு விபத்தும் இல்லை. காவல் அதிகாரிகள் வந்து மறுவிசாரணைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் என் வாக்குமூலத்தை வாங்கினார். நிறுத்தி நிதானமாக எழுதினார். இம்முறை வாசித்துக் காட்டினார்.

அலுவலகத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது. யாரும் அதை ஓரமாக எடுத்துப் போடவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்
வானிலை: வெயில்.

நாளை ஆயுத பூஜை. அலுவலகத்தில் இன்றே கொண்டாட்டம். வழக்கம்போல் பூசணிக்காய் வாங்கிவிட்டார்கள். உத்தரவு போட்டால்தான் நிற்கும் பழக்கங்கள் உண்டு. உத்தரவு போட யாருக்கும் நினைவில்லை. சந்தனம் குங்குமம் வைத்து நடுமேசையில் இருத்தினார்கள். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகக் காயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாசல்ல வேண்டாம், ரோட்ல வேண்டாம்" என்றார் மேடம். "உள்ளயே வச்சிடுங்க."

பீரோ மேல் ஏற்றினோம். மாசாணமுத்து இருப்புப் பதிவேட்டில் எழுதினார்: பூசணிக்காய், ஒன்று, நல்ல நிலையில்.

சாயங்காலம் ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பொரி. "பேச்சிக்கனி குடுத்து விட்டாங்க சார். பல்வலி போயிட்டான்னு கேட்டாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். ஒன்றுகூடக் கீழே சிந்தாமல்.

அக்டோபர் 27, திங்கள்
வானிலை: மேகமூட்டம்.

ஒரே தபாலில் இரண்டு கடிதம்.

முதலாவதைப் பிரித்ததுமே மாசாணமுத்து ஓடிவந்தார். "சார், பத்து வந்துட்டு! பத்து வந்துட்டு!" கணினிப் பிரிவில் யாரோ கைகுலுக்கினார்கள். ஒருவர் இனிப்பு வாங்கப் பையைத் தடவினார். பிறகு ஒவ்வொருவராக அமைதியானார்கள். திருத்திய காவல்துறைப் பட்டியலின்படி கொம்பன்விளை அபாய வளைவு. மண்மேட்டை வெட்டி, வளைவை நேராக்கி, நடைபாதையும் விளக்கும் அமைக்க ஒப்புதல். பத்தாவது பெயர்: தங்கமாரி, வயது 44. காரணம் என்ற இடத்தில் மயக்கம் இல்லை.

இரண்டாவது எனக்கு. பதினேழு பி, ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை. குற்றச்சாட்டு ஒன்று, பொதுச் சாலையில் வழுக்கும் பொருளை இட்டது. இரண்டு, காவல்துறைக்குத் தவறான தகவல் தந்தது. மூன்று, மேலதிகாரியின் ஒப்புதலின்றி அலுவலகப் புகைப்படத்தைப் பொதுமேடையில் வெளியிட்டது. மூன்றாவது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

விளக்கம் தரப் பதினைந்து நாள். ஓய்வூதியம் என்னாகும் என்று தெரியாது. வள்ளிமயிலிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"என்ன எழுதப் போறீங்க?"

"நடந்ததைத்தான்."

"அதுக்கு எதுக்குப் பதினஞ்சு நாளு?" என்றாள். கடிதத்தை மடித்துத் தந்தாள். "அப்போ அன்னைக்கு ராத்திரி சாப்பிடாமப் படுத்தது இதுக்குத்தானா? ரெண்டு வருஷமா எம் சாம்பார்ல என்ன குறைன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

அக்டோபர் 29, புதன்

விளக்கத்தை நேற்றே கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். மூன்று குற்றச்சாட்டும் சரி.

என் பொறுப்பில் மீதி இருந்தது கருத்துகளின் இறுதித் தொகுப்பு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. காதல் கடிதத்தையும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஏற்கப்பட்டது அல்லது ஏற்கப்படவில்லை என்று எழுத வேண்டும். ஏற்கப்பட்டால் அடுத்த கட்டத்தில் தேவையான பொருளையும் குறிக்க வேண்டும். காலையிலிருந்து எழுதினேன். நடுவில் அகலப்படுத்துவது: ஏற்கப்படவில்லை. வடைக்கடை வாசலில் வேகத்தடை: ஏற்கப்படவில்லை. காதல் கடிதம்: உரிய முகவரிக்கு அனுப்பலாம்.

நாலு மணிக்கு எண் நூற்று முப்பத்தேழு வந்தது. பேச்சிக்கனி, கொம்பன்விளை. மூன்றாவது கேள்விக்கு அவர் எழுதியிருந்த ஒரு வரியை அன்றே படித்தேன். படித்துத்தான் கோப்பில் வைத்தேன், இந்த நாட்குறிப்பில் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

"உடைச்ச ஆபீசுக்காரங்க ஒரு வெளக்குமாறு கொண்டாந்து கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

செப்டம்பர் பதினொன்றாம் தேதியே எழுதிக் கையில் தந்துவிட்டார். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார். ஒன்பது வேலைநாள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, என் பல்லை விசாரித்துக்கொண்டு, நான் திரும்பிப் பார்க்கட்டும் என்று இருந்திருக்கிறார்.

எதிரில் எழுதினேன்: ஏற்கப்பட்டது. தேவையான பொருள்: விளக்குமாறு, ஒன்று.

கையொப்பமிட்டு ஜன்னலைச் சாத்த எழுந்தபோதுதான் கவனித்தேன், இன்று வானிலை எழுத விட்டுப்போயிற்று.

வானிலை: மழை. நல்ல மழை. இரண்டு வருடம் தாமதம்.